ஊதியத்தைத் துறைக்கு ஈந்த பேராசான்

பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்ய விழையும் மாணவர், இன்று ஒரு துறையையும் ஒரு வழிகாட்டியையும் தேடிச் சென்றால் போதும். நூறாண்டுகட்கு முன் நம் நாட்டவர்க்கு அவ்விரண்டுமே அரிதாயிருந்தன. அக்குறையைப் போக்கியோருள் முன்னிற்பவர் வங்கம் ஈன்ற ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்.

இன்றைய வங்காளதேசத்துக் குல்னா பகுதியிலுள்ள ராருலி என்னும் சிற்றூரில் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திரர் பாரசீக மொழியில் வல்லவர். ஹாபிஸின் கவிதைகளில் தோய்ந்தவர். மைந்தருக்கு நூல்மீது காதல் பிறந்தது அவ்வில்லத்திலேதான் எனக் கருதுகிறோம். கில்கிறிஸ்டு உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றவர், 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டத்தோடு தாயகம் திரும்பியவர் ஏறக்குறைய ஓராண்டு வேலையின்றிக் காத்திருந்தார். கல்வித்துறையின் உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியர்க்கே உரியனவாய் இருந்த காலம் அது. 1889-இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்ததோ, திங்களுக்கு 250 ரூபாய் ஊதியத்தில் ஒரு தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி. முறையிட்டுப் பார்த்தார், பயனில்லை. மனம் கசந்தாரேயன்றிச் சோதனை மேசையை விட்டு அகன்றாரல்லர்.

ஒருநாள் மிகுதியான பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தை வினைபுரியச் செய்தபோது, எதிர்பாரா வகையில் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. வேறொருவராயின் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கியிருப்பார். ராயோ அதனைப் பகுத்தாய்ந்து, மெர்க்குரஸ் நைட்ரைட் எனத் தெளிந்து, 1896-இல் வெளியிட்டார். நைட்ரைட்டுகள் பற்றிய அவரது நெடிய ஆராய்ச்சிக்கு அதுவே வாயிலாயிற்று.

இத்தகைய ஆய்வாளர் இளவகுப்புகளுக்குப் பாடம் நடத்துவதையே பெரிதும் விரும்பினார் என்பது எண்ணத்தக்கது. எலும்பைச் சுட்டெரித்த சாம்பலைத் தம் வாயிலேயே இட்டுக்காட்டி, அது கால்சியம் பாஸ்பேட் என்னும் வேதிப்பொருளேயென மாணவர் அச்சத்தைப் போக்குவாராம். 1937-இல் வங்க மாகாணத்தின் பிரதமரான ஃபஸ்லுல் ஹக் அவரிடம் பயின்றவர். நீல்ரத்தன் தர், ஞான சந்திர கோஷ், மேகநாத சாகா ஆகியோரும் அவர்தம் மாணவரே. 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார்.

1916-இல் பிரசிடென்சிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். இந்தியரே வகிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு தாரகநாத் பாலித் நிறுவிய இருக்கை அது. 1921-இல் அறுபது வயது நிறைந்ததும், அதன்பின் தமக்குரிய ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே செலவிடுமாறு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். இளமையில் உரிய ஊதியம் மறுக்கப்பட்டவர், அது கைக்கு வந்தபோது வேண்டாமென்றார்! கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையே அவருக்கு வீடு. மணம் புரியாத அவரோடு ஏழை மாணவர் சிலரும் அங்குத் தங்கிப் பயின்றனர்.

1936-இல் ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வறையை விட்டு அவர் நீங்கவில்லை. 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அவர் உயிர் நீத்ததும் அங்கேதான்.