கிராம்சி: கைதுக்குப் பின் பிறந்த நீதிமன்றம்

இத்தாலியின் சர்தீனியத் தீவில், அலெஸ் என்னும் சிற்றூரில் 1891 சனவரி 22 அன்று அந்தோனியோ கிராம்சி பிறந்தார். தந்தை அரசு அலுவலக எழுத்தர். நிர்வாக முறைகேட்டுக் குற்றச்சாட்டில் 1898-இல் அவர் கைதாகிச் சிறை சென்றபின், தாய் தையல் வேலை செய்து ஏழு பிள்ளைகளை வளர்த்தார். முதுகெலும்பு நோயால் கூன் விழுந்த கிராம்சியோ, ஆரம்பப் பள்ளி முடிந்ததும் நிலப்பதிவு அலுவலகத்தில் தன் எடைக்கு மீறிய பதிவேடுகளைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார்.

ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகை 1911-இல் அவரை துரின் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சேர்த்தது. மொழியியல் பயின்றார். தொழில்வளம் மிக்க அவ்வட இத்தாலிய நகரில் தெற்கத்தியரைப் பிறவியிலேயே தாழ்ந்தவர், சோம்பேறி, குற்ற இயல்பினர் என்று கருதும் எண்ணம் வேரூன்றியிருந்தது. லொம்புரோசோ போன்ற குற்றவியலாளர்கள் மண்டையோட்டை அளந்து அதற்கு அறிவியல் முத்திரையும் குத்தியிருந்தனர். தெற்கின் வறுமைக்குக் காரணம் பிறப்பன்று, வடக்கின் முதலாளிகளும் தெற்கின் நிலவுடைமையாளர்களும் கொண்ட கூட்டே என்பதைக் கிராம்சி 1926-இல் எழுதிய தெற்குப் பிரச்சினை பற்றிய கட்டுரையில் நிறுவினார். அந்த இழிவெண்ணத்தை வடக்கின் தொழிலாளரிடையே பரப்பியதில் சோசலிஸ்டுக் கட்சிக்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. தொழிலாளியும் உழவரும் இணையாமல் விடுதலை இல்லை என்பதே அவர் கண்ட முடிவு.

அக்கட்டுரை முற்றுப்பெறும் முன்பே, 1926 நவம்பர் 8 இரவு, ரோமில் அவர் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர்; கைதுக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு அவருக்கு இருந்தது. எதிர்க்கட்சியினரின் பதவிகள் மறுநாள்தான் பறிக்கப்பட்டன. அவரை விசாரித்துத் தண்டித்த சிறப்புத் தீர்ப்பாயத்தை உருவாக்கிய சட்டமோ நவம்பர் 25 அன்றுதான் இயற்றப்பட்டது. முதலில் கைது, பிறகு சட்டம், அதன்பின் நீதிமன்றம். தீர்ப்பாயத்தில் அமர்ந்தவர்கள் படைத்தளபதியும் பாசிசப் படை அதிகாரிகளும். 1928 சூன் 4 அன்று இருபது ஆண்டுகள், நான்கு மாதங்கள், ஐந்து நாட்கள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

தூரிச் சிறையில் எழுத அனுமதி பெற்று, 1929 பிப்ரவரியில் முதல் குறிப்பேட்டைத் தொடங்கினார். பற்கள் உதிர்ந்தன, உறக்கம் தொலைந்தது, இளைய மகனின் முகத்தை ஒருமுறைகூடக் காணவில்லை. ஆயினும் முசோலினியிடம் கருணை மனு அளிக்க மறுத்தார். சட்டம் அளித்த நிபந்தனை விடுதலையை மட்டுமே கோரினார். கருணையும் உரிமையும் ஒன்றல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

தண்டனைக் காலம் முடிந்த சில நாட்களில், 1937 ஏப்ரல் 27 அன்று, ரோம் மருத்துவமனை ஒன்றில் தம் 46ஆம் வயதில் மறைந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை மனைவியின் சகோதரி தத்தியானா காப்பாற்றினார். அவற்றுள் ஒன்று, வரலாற்றின் விளிம்பில் நிறுத்தப்பட்ட அடித்தள மக்களைப் பற்றியது. ஆள்வோரின் ஏடுகளில் சிதறிக் கிடக்கும் தடயங்களைத் தேடித் தொகுத்தே அவர்தம் வரலாற்றை எழுத இயலும் என்று அதில் வழிகாட்டினார். இந்தியாவில் ரணஜித் குகா முதலியோர் 1982 முதல் வெளியிட்ட அடித்தள மக்கள் ஆய்வுத் தொகுதிகள் பெயரையே அங்கிருந்துதான் பெற்றன.

அவரைத் தண்டித்த தீர்ப்பாயம் 1943-இல் பாசிச ஆட்சியோடு கலைந்தது. அது பூட்டிவைக்க நினைத்த சிந்தனையோ இன்றும் வகுப்பறைகளிலும் போராட்டக் களங்களிலும் வாசிக்கப்படுகிறது.