டோரத்தி டான்ட்ரிட்ஜ்: மேடையில் விளக்கொளி, அறையில் சிறை

1957ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் டோரத்தி டான்ட்ரிட்ஜ் சாட்சிக் கூண்டில் ஏறினார். திரை நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த 'கான்ஃபிடென்ஷியல்' இதழ் மீதான வழக்கு அது. 1950இல் லேக் டாஹோ விடுதியில் பாடச் சென்றிருந்தபோது, வெள்ளை இசைக்கலைஞர் ஒருவருடன் அவர் காட்டுக்குள் உறவு கொண்டதாக அவ்விதழ் எழுதியிருந்தது. அதற்கு அவர் அளித்த மறுப்பு எளிமையானது. பாடும் நேரமும் ஒத்திகை நேரமும் போக, கறுப்பினத்தவரான அவர் தம் அறையைவிட்டு வெளியேற அந்த விடுதி அனுமதிக்கவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியையே தம் நற்பெயருக்குச் சான்றாக முன்வைக்க வேண்டிய நிலை அவருக்கு. 20 லட்சம் டாலர் இழப்பீடு கோரி அவர் தனியே தொடுத்த வழக்கு, 10,000 டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது.

1922 நவம்பர் 9 அன்று ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் பிறந்த டோரத்தியின் தாய் ரூபியும் ஒரு கலைஞரே. பள்ளிப் பருவத்திலேயே டோரத்தியும் அக்கா விவியனும் தென்மாநிலத் தேவாலயங்களில் ஆடிப் பாடிக் குடும்பத்துக்குப் பொருளீட்டினர். பின்னர் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் பாடினர். 1942இல் நடனக் கலைஞர் ஹெரால்ட் நிக்கோலஸை டோரத்தி மணந்தார். அடுத்த ஆண்டு மூளைப் பாதிப்புடன் ஒரு மகள் பிறந்தாள். 1951இல் மணமுறிவு ஏற்பட்டது. மகளின் பராமரிப்புச் செலவைத் தனியே சுமந்தபடி, இரவு விடுதிப் பாடகியாக அவர் உயர்ந்தார். 1955இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியின் எம்பயர் அரங்கில் முதன்மைக் கலைஞராக மேடையேறிய முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனால் கறுப்புக் கலைஞர்களின் பாட்டுக்குப் பணம் குவித்த லாஸ் வேகாஸ் விடுதிகள், 1960 வரை அவர்கள் தங்க அறை தர மறுத்தன.

1954இல் வெளிவந்த 'கார்மென் ஜோன்ஸ்' அவரை உச்சிக்குக் கொண்டு சென்றது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவரே. விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது. பாடிப் பிழைத்த அந்தப் பெண்ணுக்கு அப்படத்தில் பாட்டுக்குரல் கொடுத்தவர் மர்லின் ஹார்ன் என்னும் வெள்ளைப் பாடகி. உருவத்தை ஏற்ற திரையுலகம் குரலை ஏற்கவில்லை.

அதன்பின் மூன்றாண்டுகள் அவர் நடித்த படம் எதுவும் வரவில்லை. இதற்கான காரணத்தைத் திறமையில் அன்று, விதிகளில் தேட வேண்டும். ஹாலிவுட்டின் தணிக்கை நெறிமுறை வெள்ளையர்–கறுப்பினத்தவர் காதலைத் திரையில் காட்ட 1956 வரை தடை விதித்திருந்தது. ஆகவே வெள்ளை நாயகர்களுக்கு இணையாக அவரை நிறுத்த வழியில்லை. கறுப்பினத்தவரை மையமாகக் கொண்ட படங்களோ மிகச் சில. 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் அடிமைப்பெண் வேடம் வந்தபோது அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு தொழிலில் அவருக்கு இழப்பாயிற்று. ஆயினும் சுயமரியாதையின் கணக்கு வேறு. தடை தளர்ந்த பின் வந்த 'ஐலேண்ட் இன் தி சன்' படத்திலும் அவருடைய காதல் ஒரு முத்தமும் இன்றியே முடிந்தது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் கலப்புமணத் தடையை 1948இலேயே நீக்கியிருந்தது. தீர்ப்பு ஒன்றால் சட்டம் மாறலாம், சந்தையின் வழக்கம் மாறுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இரண்டாவது திருமணமும் 1962இல் முறிந்தது. தவறான முதலீடுகள் சேமிப்பை விழுங்கின. 1963இல் அவர் திவாலானார். மகளை அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க நேர்ந்தது. 1965 செப்டம்பர் 8 அன்று தம் 42ஆம் வயதில் இறந்தபோது அவர் வங்கிக் கணக்கில் மிஞ்சியது இரண்டு டாலர் சொச்சம்.

சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைக் கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாகப் பெற்றது 2002இல். அதைப் பெற்ற ஹாலி பெர்ரி, டோரத்தியின் வாழ்க்கைப் படத்தில் அவராக நடித்தவர். விருது மேடையில் அவர் பெயரை நினைவுகூர்ந்தார். பரிந்துரைக்கும் விருதுக்கும் இடையே கழிந்த 47 ஆண்டுகளை ஒரு பெண்ணின் துயரக் கதையாக மட்டும் படிப்பது பிழை. முதல் ஆளாகக் கதவைத் திறப்பவரைக் கொண்டாடிவிட்டு, அதே கதவை மீண்டும் சாத்திக்கொள்ளும் அமைப்பின் கதை அது.