கற்பூரத் தண்ணீரும் உம்மு அதிய்யா (ரழி) அவர்களும்

நம் ஊர்களில் பெண்களின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் மூத்தம்மாமார் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைப்பார்கள். கேட்டால் சுன்னத் என்பார்கள். அந்தச் சுன்னத்தை நம்வரை கொண்டுவந்து சேர்த்த பெண்மணி யார் என்று கேட்டால், நம்மில் பலருக்குத் தெரியாது.

மதீனாவின் அன்ஸாரிப் பெண்ணான உம்மு அதிய்யா (ரழி) அவர்களின் இயற்பெயர் நுஸைபா. உஹதில் வாளேந்திய உம்மு உமாரா (ரழி) அவர்களின் பெயரும் நுஸைபாதான். இருவரையும் ஒருவராக எண்ணிவிடக் கூடாது. இவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்றவர்கள். முகாமில் தங்கி உணவு சமைத்தார்கள், காயப்பட்டோருக்கு மருந்திட்டார்கள், நோயாளிகளைப் பராமரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. இன்றைய சொல்லில் தாதி.

ஹிஜ்ரி 8இல் நபியவர்களின் மகள் ஸைனப் (ரழி) வஃபாத்தானபோது குளிப்பாட்டியவர்களில் இவர்களும் ஒருவர். இலந்தை இலை கலந்த நீரால் மூன்று அல்லது ஐந்து முறை, தேவையென்றால் அதற்கு மேலும், வலப்புறத்திலிருந்தும் வுழூவின் உறுப்புகளிலிருந்தும் தொடங்க வேண்டும், கடைசியில் கற்பூரம். இதுவே நபியவர்கள் சொல்லிக்கொடுத்த முறை. குளிப்பாட்டி முடிந்ததும் தமது கீழாடையைக் கொடுத்து, மகளின் உடலோடு ஒட்டியிருக்குமாறு போர்த்தச் சொன்னார்கள். ஒரு தந்தையின் துயரம் அந்த ஆடையில் இருக்கிறது. 2020இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, குளிப்பாட்டலும் கபனும் மறுக்கப்படுவதன் வலியை நாமும் அறிந்துகொண்டோம்.

நபியவர்களிடம் பைஅத் செய்தபோது, ஒப்பாரி வைப்பதில்லை என்றும் பெண்கள் வாக்களித்திருந்தார்கள். பல வருடங்களின் பின் அந்த வாக்கு உம்மு அதிய்யா (ரழி) அவர்களின் சொந்த வீட்டுக்கே வந்தது. தம் மகனைப் பார்க்க பஸ்ராவுக்கு விரைந்தார்கள். உயிரோடு பார்க்கக் கிடைக்கவில்லை. எத்தனையோ பேரின் காயத்துக்கு மருந்திட்ட கைகள், பெற்ற மகனின் கடைசி நேரத்தில் அருகில் இருக்கவில்லை. இன்னோர் அறிவிப்பில், மகன் இறந்த மூன்றாம் நாள் மஞ்சள் நிற வாசனைத் திரவியத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள் என்று வருகிறது. கணவனுக்கன்றி வேறு எவருக்காகவும் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் காப்பது தடுக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். துயரம் மூன்று நாளில் தீர்ந்திருக்குமா? எந்தத் தாய்க்கும் தீராது. ஆனாலும் பூசிக்கொண்டார்கள்.

பஸ்ராவின் அறிஞர்கள் ஜனாஸா குளிப்பாட்டும் முறையை இவர்களிடமே கற்றார்கள். முஹம்மத் இப்னு ஸீரீன் அவர்களில் ஒருவர். இன்று நம் இளம் பெண்கள் மையித்தென்றால் பயந்து ஒதுங்கி, எல்லாவற்றையும் மூத்தம்மாவிடமே விட்டுவிடுகிறார்கள். இப்னு ஸீரீனின் சகோதரி ஹஃப்ஸா அப்படி ஒதுங்கவில்லை. மையித்தின் கூந்தலை மூன்று பின்னலாக்கிப் பின்புறம் விடுவதுவரை உம்மு அதிய்யா (ரழி) அவர்களிடம் கேட்டு அறிந்து, அடுத்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.