எழுத்துப் பூட்டைத் திறந்த மேதை

குழந்தைகளே! நம் தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் திண்டுக்கல், பூட்டுக்குப் பேர் போன ஊர். எழுத்துக்களால் போட்ட பூட்டைத் திறந்த ஒருவரைத் தெரியுமா? அவர்தான் ஆலன் டூரிங்!

1912ம் ஆண்டு ஜூன் 23ல் லண்டனில் பிறந்தார். இவரது தாயார் பிறந்தது, நம் கோவை அருகே உள்ள போத்தனூரில்! கட்டளைகளை மாற்றினால் ஒரே இயந்திரம் பல வேலைகளைச் செய்யும் என்று 1936ல் விளக்கினார். இன்றைய மென்பொருளுக்கு அதுவே அடிப்படை.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர், 'எனிக்மா' கருவியால் செய்திகளை மறைத்து அனுப்பினர். அமைப்பைத் தினமும் மாற்றியதால், யாராலும் படிக்க முடியாது என நம்பினர். ஆனால், வானிலைச் செய்திகளில் ஒரே சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதினர். அந்தச் சொற்களைக் கொண்டே விடை தேடும் இயந்திரத்தை வடிவமைத்தார் டூரிங். போலந்து அறிஞர்களின் முந்தைய கண்டுபிடிப்பும் கைகொடுத்தது. ரகசியம் வெளிப்பட்டது, பல கப்பல்கள் தப்பின. 1954ல், 41 வயதிலேயே டூரிங் மறைந்தார்.

இன்று வங்கி, ரயில், மருத்துவமனை எல்லாம் மென்பொருளை நம்பியே இயங்குகின்றன. வேலை நொடியில் முடிகிறது. ஆனால், பெயரையும் பிறந்த நாளையும் கடவுச்சொல்லாக வைத்தால், எனிக்மாக்காரர்கள் செய்த அதே தவறுதான். பூட்டு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது. பூட்டுகிறவரும் கவனமாக இருக்க வேண்டும். சரிதானே, குழந்தைகளே?