வலிய கப்பித்தான் டிலனாய்

இராஜாக்கமங்கலத்திலிருந்து மேற்கு நோக்கிக் கடற்கரைச் சாலை வழியே சென்றால் முட்டம், கடியப்பட்டினம், மணவாளக்குறிச்சி ஆகிய ஊர்களைக் கடந்து குளச்சலை அடையலாம். குளச்சலிலிருந்து வடகிழக்காக உள்நாட்டிற்குத் திரும்பினால் தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியும் அங்குள்ள உதயகிரிக் கோட்டையும் எதிர்ப்படும். கடற்கரையில் கைதியாகி, கோட்டையில் தளபதியாக வாழ்ந்து, அக்கோட்டைக்குள்ளேயே அடக்கமான ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் இந்தச் சிறு நிலப்பரப்பை நடுவாகக் கொண்டே அமைந்தது. எங்கோ பிறந்து, எவருக்கோ கூலிக்குப் போரிட வந்து, இறுதியில் இந்நாட்டவராகவே மறைந்த யூஸ்டாச்சியஸ் டிலனாய் என்பவரே அவர். படைப்பணி ஒரு மனிதனுக்கு அவனையே அறிமுகப்படுத்தும் என்பதற்கு நம் மாவட்ட வரலாற்றில் இவரைவிடச் சிறந்த சான்று இல்லை எனலாம்.

டிலனாய் 1715ஆம் ஆண்டளவில் இன்றைய பிரான்சு நாட்டின் வடபகுதியிலுள்ள அராஸ் நகரில் பிறந்தார். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி அந்நாளில் ஐரோப்பாவின் பல நாட்டினரையும் ஊதியத்திற்கு அமர்த்திக் கீழ்த்திசைக்கு அனுப்பி வந்தது. நாட்டுப்பற்றோ கொள்கைப்பற்றோ அப்படையினரை ஒன்றாகப் பிணைக்கவில்லை. மாதச் சம்பளமே பிணைத்தது. கத்தோலிக்கரான டிலனாய், சீர்திருத்தக் கிறித்தவ நாடொன்றின் வணிகக் கம்பெனிக்காகத் துப்பாக்கி ஏந்தியதை இந்தப் பின்னணியில்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

மிளகு வணிகமே போருக்கு வித்திட்டது. 1729இல் அரியணை ஏறிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, வடக்கிலிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவரலானார். அச்சிற்றரசுகளுடன் மிளகு ஒப்பந்தம் செய்திருந்த ஒல்லாந்தருக்கு இது பெருத்த இடராயிற்று. கொச்சியில் ஆளுநராக இருந்த வான் கொலனெஸ் எச்சரித்தும் மன்னர் பணியவில்லை. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த ஒல்லாந்தப் படை 1741இன் தொடக்கத்தில் குளச்சலில் இறங்கிக் கரையோர ஊர்களைக் கைப்பற்றியது. தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கியும் முன்னேறியது.

ஆனால் ஆனி, ஆடி மாதக் கடலை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாள்களில் இக்கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பது இராஜாக்கமங்கலம் துறை முதல் குளச்சல் வரையுள்ள மீனவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். உதவிக் கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. தரைப்புறத்தில் திருவிதாங்கூர்ப் படை சூழ்ந்துகொண்டது. கரையோர மீனவர்களும் மன்னருக்குத் துணை நின்றனர். தோளில் துடுப்புகளைச் சார்த்தி அவர்கள் அணிவகுத்து நின்றதாகவும், அதைத் தொலைவிலிருந்து பார்த்த ஒல்லாந்தர் பெரும்படை என மயங்கியதாகவும் ஒரு செவிவழிச் செய்தி இன்றும் வழங்குகிறது. 1741 ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் ஒல்லாந்தர் தோல்வியுற்றனர். கைதானவர்களுள் டிலனாயும் ஒருவர்.

பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள ஓவியத்தில் அவர் மன்னர் முன் சரணடையும் தளபதியாகக் காட்சியளிக்கிறார். அன்று அவர் படைத்தலைவரே என்பாரும், அத்துணை உயர்ந்த பதவியில் அவர் இருக்கவில்லை என்பாரும் ஆய்வாளரிடையே உளர். இரண்டாவது கருத்து உண்மையாயின் அவர் பெருமை குறையாது, மிகும் என்றே தோன்றுகிறது. கம்பெனிப் படையில் வரிசையில் ஒருவராக நின்றவரிடம் இத்துணை ஆற்றல் உறங்கிக் கிடந்ததை அந்தக் கம்பெனி அறியவில்லை. அவராவது அறிந்திருந்தாரா என்பதும் ஐயமே. தோல்வியும் சிறையும் வந்த பின்னரே அது வெளிப்பட்டது.

அதனைக் கண்டுகொண்டவர் மார்த்தாண்ட வர்மா. உடனே முழுப் படையையும் ஒப்படைத்துவிடவில்லை. தம் மெய்க்காவல் படையின் ஒரு பகுதியை மட்டும் பயிற்றுவிக்கச் சொல்லிச் சோதித்தார். அந்நாள் வரை நாட்டுப் படை என்பது களரியில் பயின்ற வீரர்களின் தொகுப்பாகவே இருந்தது. அவ்வீரர்கள் தத்தம் தலைவருக்கே கட்டுப்பட்டவர்கள். தனித்தனியே பெரும் தீரர்கள். அத்தகையோரை வரிசையில் நிறுத்தி, ஆணை பிறக்கும் வரை கையடக்கி நின்று, பிறந்த நொடியில் அனைவரும் ஒருசேரச் சுடுமாறு பழக்குவது எளிதான செயலன்று. வாள் வீச்சில் சிறந்தவனுக்குக் காத்திருப்பதுதான் கடினம். தன் வீரத்தைப் பக்கத்தில் நிற்பவனின் வீரத்தோடு இணைத்துப் பார்க்க அவன் அங்கேதான் கற்றான். கற்பித்தவரோ முன்பு பகைவராக இருந்தவர், வேற்று மொழியினர். அவர் கற்றவையும் பல இருந்திருக்க வேண்டும்.

சோதனை வெற்றி பெறவே டிலனாயின் பொறுப்புகள் பெருகின. உதயகிரிக் கோட்டை அவரது மேற்பார்வையில் கருங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. பத்மநாபபுரம் கோட்டையும் கன்னியாகுமரிக்கு அருகில் கடலோரமாக நிற்கும் வட்டக்கோட்டையும் அவர் கைபட்டு வலுப்பெற்றன. 1746இல் காயங்குளம் வீழ்ந்தது. தொடர்ந்து வடபுலச் சிற்றரசுகள் பலவும் அடங்கின. 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின் வாயிலாக ஒல்லாந்தர் திருவிதாங்கூரின் வழியிலிருந்து விலகிக்கொண்டனர். மக்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன், என அழைத்தனர்.

இந்த ஏற்றத்திற்கு நடுவில் அவரது மனத்தை மிகக் கடுமையாகச் சோதித்திருக்கக்கூடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை அரண்மனை அலுவலராக உதயகிரியில் பணியாற்றிய காலத்தில் டிலனாயின் நண்பரானார். இழப்புகளால் வாடியிருந்த அவருக்கு டிலனாய் விவிலியத்திலுள்ள யோபுவின் வரலாற்றைக் கூறினார். அவர் 1745இல் வடக்கன்குளத்தில் கிறித்தவம் தழுவித் தேவசகாயம் ஆனார். பின்னர் அரச தண்டனைக்கு ஆளாகி, 1749 முதல் சிறைத் துன்பம் நுகர்ந்து, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நண்பரைக் கொன்றது டிலனாய் பணியாற்றிய அதே அரசு. வீரர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்ததும் டிலனாயே. அவர் பணியைத் துறக்கவில்லை; அதன்பின் கால் நூற்றாண்டு அதே அரசைக் காத்து நின்றார். இதனைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. நாடு கடந்து வந்த கைதிக்கு வேறு புகலிடம் எது என்று கேட்பதும் எளிது. பட்டறையில் பீரங்கி வார்க்கும் ஒலி கேட்டுக்கொண்டிருந்த அந்நாள்களில் அவர் தம்மைப் பற்றி என்ன அறிந்துகொண்டார் என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. பணியும் நட்பும் எதிரெதிராக நிற்கும் இடத்தில் ஒரு படைவீரன் படும் பாட்டை, படைப்பணி முடித்து நம் ஊர்களுக்குத் திரும்பியுள்ள பெரியவர்கள் நம்மைவிட நன்கு உணர்வர்.

1758இல் மார்த்தாண்ட வர்மா மறைந்தார். அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவிடமும் டிலனாய் பணியைத் தொடர்ந்தார். வட எல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரண் அவரது திட்டப்படி எழுந்தது. அவர் மறைந்து 12 ஆண்டுகள் கழித்து, 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் படை மோதியது அந்த அரணின்மீதுதான். இந்தியப் படையின் மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த 9ஆம் பட்டாலியன், திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்ததாதலால், குளச்சல் வெற்றியைத் தன் மரபுப் பெருமையாகப் போற்றி வருகிறது.

டிலனாயின் மகன் ஜான் 1765இல் களக்காட்டுப் போரில் இளமையிலேயே உயிர் நீத்தார். தந்தை மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்து, 1777 ஜூன் முதல் நாள் உதயகிரியில் காலமானார். கோட்டைக்குள் சிதைந்து நிற்கும் சிறு தேவாலயத்தில் அவர், மனைவி மார்கரெட், மகன் ஆகிய மூவரின் கல்லறைகளும் உள்ளன. ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவர் மன்னருக்கு உண்மையாக உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அடக்கியதையும் அவரது கல்லறைக் கல் கூறுகிறது. அக்கல்லில் பொறிக்கப்பட்ட மொழிகள் இரண்டு: ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ்.