மாய உலகை வரைந்தவர்

மாரெட்பள்ளியில் வாழும் தமிழ்ச் சிறுவர்கள் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் கேட்டு வளர்கின்றனர். இவ்விரு மொழியினரும் தமதெனக் கொண்டாடும் திரைப்படம் ஒன்று உண்டு. அதுவே 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’. கடோற்கசனின் வாய்க்குள் லட்டுகள் தாமே பறந்து செல்லும் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை. ஆயினும், அம்மாய உலகைத் தாளில் வரைந்த ஓவியரின் பெயரை அறிந்தோர் சிலரே. அவர் மாதவபெத்தி கோகலே.

கோகலே 1917ஆம் ஆண்டு, ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில் பிறந்தார். ஓவியம் கற்கும் ஆர்வத்தால் சென்னைக்கு வந்து, கலைப் பள்ளியில் சேர்ந்தார். மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவிபிரசாத் ராய் சௌத்ரியே அவருடைய ஆசிரியர். கோகலே பத்திரிகைகளுக்குப் படங்கள் வரைந்தார். சிற்றூர் மக்களின் வாழ்வைத் தெலுங்கில் சிறுகதைகளாகவும் எழுதினார்.

பின்னர், சென்னை வடபழனியில் இருந்த விஜயா வாகினி படப்பிடிப்பு நிலையம் அவரது பணிக்களமாயிற்று. கலாதர் என்னும் கலைஞருடன் இணைந்து, ‘பாதாள பைரவி’, ‘மாயா பஜார்’ முதலிய படங்களுக்குக் கலை இயக்குநராக விளங்கினார்.

கதையில் அரண்மனை என்று எழுதிவிடுவது எளிது. அதன் தூண் எத்தகையது, அரசனின் முடி எத்தகையது என்பதை யார் கூறுவது? ஓவியரே வரைந்து காட்ட வேண்டும். அப்படத்தைப் பார்த்தே தச்சர் மரம் அறுப்பார்; தையற்காரர் துணி வெட்டுவார்; ஒளிப்பதிவாளர் விளக்கு அமைப்பார். ‘மாயா பஜாரில்’ நாம் காணும் துவாரகை மாநகரம், 50 அடிக்கு 60 அடி இடத்தில் அமைந்த 300 சிறிய வீடுகளே. அவற்றுக்குள் விளக்கேற்றியபோது பெருநகரம் ஒன்று தோன்றிற்று.

அப்படம் இரு மொழிகளிலும் எடுக்கப்பட்டது. தெலுங்கில் நாகேசுவர ராவ் அபிமன்யுவாக நடித்தார். தமிழில் ஜெமினி கணேசன் நடித்தார். தெலுங்கில் சசிரேகை எனப்பட்ட இளவரசி தமிழில் வத்சலை ஆனாள். பெயர்களும் பேச்சும் மாறின; ஓவியர் கண்ட மாய உலகம் மாறவில்லை. சித்திரத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை அன்றோ!

கோகலே 1981ஆம் ஆண்டு மறைந்தார். நடிகர்களின் புகழ் வளர்ந்த அளவிற்கு அவர் பெயர் பரவவில்லை. மாணவர்களே! நீங்கள் அப்படத்தை எம்மொழியில் பார்த்தாலும், தொடக்கத்தில் வரும் பெயர் வரிசையில் அவர் பெயரைத் தேடுங்கள்.

பயிற்சி

1. கோகலேயின் ஆசிரியர் யார்?
2. துவாரகை நகரம் எவ்வாறு உருவாக்கப்பட்டது?
3. சித்திரத்திற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்பதை விளக்குக.
4. நீங்கள் கேட்ட கதை ஒன்றில் வரும் அரண்மனையை வரைந்து, அதைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.