கடலை அளந்த முஅல்லிம்: அஹ்மத் இப்னு மாஜித் (ரஹ்)

கப்பல் செலுத்துபவரை நாம் மாலுமி என்று அழைக்கிறோம். இச்சொல் அரபு மொழியின் முஅல்லிம் என்னும் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்ததாகும். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவரும் முஅல்லிம்; நடுக்கடலில் வழி காட்டுபவரும் முஅல்லிம். அத்தகைய கடல் முஅல்லிம்களில் தலைசிறந்து விளங்கியவர் ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு மாஜித் (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவை ஒட்டியிருந்த ஜுல்ஃபார் துறைமுகத்தில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையும் பாட்டனாரும் செங்கடலில் பெயர்பெற்ற முஅல்லிம்கள். செங்கடல் வழிகளைத் தந்தையார் ஆயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளில் பாடி வைத்திருந்தார்கள். மகனார் அதனை மனனம் செய்வதோடு நின்றுவிடவில்லை. தாமே அவ்வழிகளில் சென்று சோதித்து, பிழை கண்ட இடங்களைத் திருத்தினார்கள். இது தந்தைக்குச் செய்த அவமரியாதை அன்று. பவளப்பாறைகள் நிறைந்த அக்கடலில் ஓர் அளவு பிழைத்தால், ஜித்தாவை நோக்கிச் செல்லும் ஹாஜிகளின் உயிரே போய்விடும். ஆகவே, அளவு என்பது அவர்களிடத்தில் ஓர் அமானிதமாக இருந்தது.

கரையில் தூரத்தை அளக்க மைல்கல் உண்டு. கடலில் என்ன உண்டு? அக்கால முஅல்லிம்கள் வானத்தையே அளவுகோலாகக் கொண்டனர். மரப்பலகையைக் கண்ணெதிரே பிடித்து, அதன் கீழ்விளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தி, நட்சத்திரத்தின் உயரத்தை விரற்கணக்கில் கண்டறிந்தனர். இவ்விரலளவுக்கு இஸ்பஃ என்று பெயர். வானவட்டம் முழுவதும் 224 இஸ்பஃ என்பது இப்னு மாஜித் அவர்களின் கணக்காகும்.

தூரத்திற்குரிய அளவு ஸாம் ஆகும். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேரப் பயணம். நம் முன்னோர் ஒரு நாளை எட்டுச் சாமங்களாகப் பிரித்தது போலவே, அங்கும் ஒரு நாளுக்கு எட்டு ஸாம். நேர் வடக்கே எட்டு ஸாம் சென்றால் துருவ நட்சத்திரம் ஓர் இஸ்பஃ உயரும். இன்றைய கணக்கில் ஒரு ஸாம் சுமார் 12 கடல் மைல். அதாவது மணிக்கு 4 கடல் மைல் வேகம். ஒரு நாள் முழுதும் வடக்கே ஓடியும் நட்சத்திரம் அரை இஸ்பஃ மட்டுமே உயர்ந்திருந்தால், கப்பல் பாதி வேகத்தில்தான் வந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் கிழக்கு மேற்காகச் செல்லும்போது துருவ நட்சத்திரத்தின் உயரம் மாறுவதில்லை. அங்கே காற்றையும் கப்பலின் ஓட்டத்தையும் பார்த்து மதிப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, சேரவேண்டிய துறைமுகத்திற்குரிய நட்சத்திர உயரத்தை முதலில் அடைந்து, பிறகு அதே உயரத்தில் கரையை நோக்கிச் செல்வர். பறவைகள், கடற்பாம்புகள், நீரின் நிறம், அடிமண் ஆகியவை கரை நெருங்குவதை உணர்த்தும்.

இவ்வறிவையெல்லாம் தொகுத்து, ஹிஜ்ரி 895-இல் (கி.பி. 1490) கிதாபுல் ஃபவாயித் என்னும் நூலைப் பன்னிரண்டு பகுதிகளாக எழுதி முடித்தார்கள். கிப்லாவின் திசையறிவது குறித்தும் ஒரு கவிதை இயற்றியுள்ளார்கள்.

இத்தகைய மாமேதையின் மீது ஒரு பழி நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வந்தது. 1498-இல் மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டிற்கு வாஸ்கோடகாமாவை அழைத்து வந்தவர் இவரே என்றும், மதுமயக்கத்தில் வழியைக் காட்டிக்கொடுத்தார் என்றும் கூறினர். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குத்புத்தீன் அந்நஹ்ரவாலி எழுதிய வரலாற்றிலிருந்து பரவிய செய்தி இது. போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்களோ அவ்வழிகாட்டி ஒரு குஜராத்தியர் என்றே எழுதியுள்ளனர். இன்றைய ஆய்வாளர்கள் பலரும் இப்பழியை ஏற்கவில்லை. ஆயினும் பாடநூல்களிலும் மேடைகளிலும் அது ஓயாமல் ஒலித்தது. காமாவுக்கு வழிகாட்டிய பெருமைக்குரியவர் என்று நம்மவரே புகழ்ந்ததும் உண்டு. பழியாயினும் புகழாயினும், சோதித்துப் பாராமல் சொன்னது சொன்னதுதான்.

பெற்ற தந்தையின் சொல்லையும் அளந்து பார்த்த பிறகே ஏற்றுக்கொண்ட ஒருவரை, உலகம் அளந்து பாராமல் தீர்ப்பளித்துவிட்டது. அவர்களின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே. காதில் விழும் ஒரு செய்தியைப் பிறருக்குக் கொண்டு செல்லுமுன், அதனை ஒருமுறையேனும் அளந்து பார்ப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.